மாப்பிள்ளை கேட்ட ஒரே வார்த்தை

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி சத்தம் போடுகிறது, சார். பேரிங் போய்விட்டது. எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று எவனாவது சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள், மாற்றத்தான் வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி அமைத்துக்கொடுக்கும் பொறியாளர். இறந்தவர் என் தங்கையின் கணவர். ஒரு கிடங்கில் பராமரிப்பு மேலாளராக இருந்தார். அங்கே ஒரு சரக்கு லிஃப்ட் உண்டு. அதன் மோட்டார் தண்டில் என்கோடர் என்று ஒரு சின்ன டப்பா. தண்டு சுற்றச் சுற்ற அது துடிப்புகளை அனுப்பும். அவற்றை எண்ணித்தான் லிஃப்ட் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பெட்டி தெரிந்துகொள்ளும். அந்த டப்பா பழுதாகிவிட்டது, பழைய மாடலும் இப்போது வருவதில்லை.

தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "மச்சான், புது என்கோடருக்கு அவுட்புட் எந்த வகைன்னு கடைக்காரன் கேக்குறான். எதை வாங்குறது?" என்றார் மாப்பிள்ளை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

"நாலு வகை இருக்கு மாப்பிள்ளை. முதல்ல ஓப்பன் கலெக்டர். அது கம்பியைக் கீழே இழுக்க மட்டும்தான் செய்யும். மேலே ஏத்தணும்னா வெளியில ஒரு ரெசிஸ்டர்..."

"ஐயோ, பீரியட் ஆரம்பிச்சாச்சு. மணி அடிச்சாத்தான் மச்சான் விடுவாரு." கரண்டியால் டம்ளரை டங் டங்கென்று தட்டினார். "ஒரே வார்த்தையில சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

குழந்தைகள் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவன் நான். உடம்பெல்லாம் எரிந்தது, மறைப்பானேன்.

கேட்டதைக் கொடுப்பதுதானே மரியாதை? "ஓப்பன் கலெக்டர்" என்றேன். அது இரண்டு வார்த்தை. இரண்டாவது என் அன்பளிப்பு.

மற்ற வகைகளை அவர் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள். இரண்டாவது வோல்டேஜ் அவுட்புட், மூன்றாவது புஷ்-புல். நான்காவது லைன் டிரைவர். அது ஒவ்வொரு துடிப்பையும் இரண்டு கம்பிகளில் அனுப்பும், ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. வழியில் மின் இரைச்சல், அதாவது பக்கத்துக் கேபிள்களின் தொந்தரவு, புகுந்தால் இரண்டிலும் ஒரே மாதிரி புகும். வந்துசேரும் இடத்தில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் காணாமல் போகும். ஓப்பன் கலெக்டருக்கு அந்த வசதி கிடையாது, பெட்டி இரைச்சலையும் துடிப்பென்று எண்ணிக்கொள்ளும். அந்தக் கிடங்கில் என்கோடர் கம்பி கூரை வரை ஏறி, மோட்டார் கேபிள்களோடு ஒட்டி உறவாடிக்கொண்டு வருகிறது. லைன் டிரைவரைத் தவிர அங்கே எதுவும் ஆகாது. அந்தப் பாதையை வரைந்ததே நான்தான், சார்.

ஓப்பன் கலெக்டர் விலை குறைவு என்று மாப்பிள்ளைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பொருத்திய மறுநாள் போன் வந்தது.

"மச்சான், லிஃப்ட் மேலே அசையாம நிக்குது. ஆனா பெட்டியில எண்ணு மட்டும் தன்னால ஏறுது. அடியில போய்ப் பாக்கணும். தடுப்புக் கட்டை முட்டுக் குடுக்கணுமா? அதுக்கே அரை நாள் போயிரும். பாடம் வேணாம், ஒரே வார்த்தை போதும்."

எண் ஏறினால், லிஃப்ட் உயர்ந்துவிட்டதாகப் பெட்டி நம்பும். சரிசெய்வதாக நினைத்துக் கீழே இறக்கும். இதைச் சொல்ல எனக்கு ஆசைதான். அவருக்குத்தான் நேரமில்லை.

"வேண்டாம்" என்றேன். இந்த முறை சரியாக ஒரே வார்த்தை.

"மச்சான்னா மச்சான்தான்" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தார். என்னை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அவர் அடியில் போய்க் குனிவார் என்று எனக்குத் தெரியும். லிஃப்ட் இறங்கும் என்றும் தெரியும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். 'கொன்றேன்' என்று மட்டும் மொட்டையாக எழுதிவிடாதீர்கள். அவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் யாருக்குப் புரியும்?

மருத்துவமனை வாசலில் தங்கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"அண்ணா, தெரிஞ்சேதான் சொன்னியா? ஆமாவா, இல்லையா?"

எனக்கும் அழுகை வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். "அப்படி ஒரே வார்த்தையில சொல்ற விஷயம் இல்லம்மா. நாலு வகை இருக்கு. முதல்ல ஓப்பன் கலெக்டர்..."

இரண்டாவது வகைக்கு வருவதற்குள் கையை உதறிவிட்டுப் போய்விட்டாள். எங்கள் குடும்பத்தில் யாருக்குமே பொறுமை கிடையாது, சார்.