சுட்டுத் தேய்ந்த ரைபிள்

கிழக்கேகோட்டையில் பஸ் கிளம்பாமலே நின்றது. முன் இருக்கையில் இருந்த பெண் தன் அண்ணனிடம், "தொண்டை தேஞ்சு போச்சுண்ணே" என்றாள்.

"யாருக்கு, குட்டி?"

"நான் வாங்கலாம்னு பாத்தேனே, எங்க ரேஞ்சு சீனியர் பிந்து சேச்சி விக்கிற ரைபிள், அதுக்கு. புல்லட் பேரலுக்குள்ள நுழையுற இடத்தை அப்படித்தான் சொல்லுவோம். தோட்டா வைக்கிற சேம்பர் நல்லாத்தான் இருக்கு. அதைத் தாண்டிக் கேமரா விட்டுப் பாத்தா, முழுக்கக் கீறல்."

"அப்போ வேண்டாம், அல்லே?"

அவள் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"வேற பேரல் போட்டுக்கலாம். அதில்லண்ணே. இந்த அளவுக்குத் தேயணும்னா சேச்சி எவ்வளவு சுட்டிருக்கணும்! அவங்களையே ஒரு தடவைகூட ஸ்டேட் டீம்ல எடுக்கல்லையே."

பஸ் நகர்ந்தது.

"நாளைக்குப் பிராக்டிசுக்கு என்னை இன்னும் சீக்கிரமாக் கொண்டு விடுதியா?" என்றாள்.