வாக்கில்லாத கை

மேடையில் அமர்ந்திருக்கும் மேதகு ஆயர் அவர்களே, அருட்சகோதரிகளே, இந்த மன்றத்து நாற்காலிகளை அவசரமாகத் துடைத்துவிட்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்திருக்கும் வீட்டுப் பணியாளர் சங்கத்து அக்காமார்களே! வணக்கம்.

"என் இரங்கல் கூட்டத்துல யாரும் அழக் கூடாது, ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசக் கூடாது" என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் நம் சிஸ்டர். முதலாவதை மீற மாட்டேன். இரண்டாவதை மீறாமல் அவரைப் பற்றிப் பேச முடியுமா?

யார் நம் சிஸ்டர்? உலக நாடுகளின் தொழிலாளர் மாநாட்டில் பதினோரு ஆண்டுகள் திருச்சபையின் பிரதிநிதியாக அமர்ந்தவர்! அந்த மாநாட்டின் வரைவுகளை வியாழன்தோறும் இங்கே கொண்டுவந்து உங்களுக்குப் படித்துக் காட்டியவர்! மொழிபெயர்த்தவன் நான். ஒரு பத்தி படிப்பார். "புரிஞ்சவங்க கை தூக்குங்க" என்பார். ஒரு கைகூட எழாது. "சார், உங்க தமிழுக்கு இன்னொருத்தர் தமிழ் எழுதணும்" என்றார் சமையல் அக்கா. சிஸ்டர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. நான் ஏழு முறை திருத்தி எழுதினேன்.

எதற்கு இத்தனை பாடு? "கீழயே தீர்க்க முடியறத மேல கொண்டு போகாதீங்க. கீழ தீராதத மேல கொண்டு போகாம விட்டா, அது பாவம்." திருச்சபையின் சமூகப் போதனையை எங்களுக்கு இப்படித்தான் சொல்லித் தந்தார்.

அந்த மாநாட்டின் வீட்டுப் பணியாளர் உடன்படிக்கை வரைவிலிருந்து, வாரம் ஒருநாள் முழு ஓய்வு என்ற வரியை நீக்கச் சில நாடுகள் முனைந்தன. வரி வேண்டும் என்பவர்கள் கை உயர்த்தலாம் என்றார் அவைத்தலைவர். திருச்சபைக்கு அங்கே நாற்காலி உண்டு, பெயர்ப்பலகை உண்டு, ஒரு டம்ளர் தண்ணீர்கூட உண்டு. வாக்கு மட்டும் கிடையாது! நம் சிஸ்டர் என்ன செய்தார்? கையைத் தூக்கிவிட்டார்!

கணக்கு உதைத்தது. கையைக் கீழே போடச் சொன்னார்கள். "மன்னிக்கணும் ஐயா, வியாழக்கிழமைப் பழக்கம்" என்றார். அவையே சிரித்தது. அது என்ன வியாழக்கிழமை என்று கேட்டு, தலைவர் இரண்டு நிமிடம் கொடுத்தார். சமையல் அக்கா இங்கே சொன்னதைச் சிஸ்டர் அங்கே அப்படியே சொன்னார்: "நான் லீவு கேட்டா, யாரு சமைப்பாங்கன்னு கேக்குறாங்க. என் வீட்ல யாரு சமைக்கிறாங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல." மறுபடி எண்ணினார்கள். வரி நின்றது. 'கைதூக்கி சிஸ்டர்' என்ற பெயரும் நின்றது.

ஆனால் நம் நாடு அந்த உடன்படிக்கையில் இன்னும் கையெழுத்திடவில்லை. வரும் திங்களன்று அரசுக் குழு நம் கருத்தைக் கேட்கிறது. பேசவிருந்தவர் சிஸ்டர். அவர் இல்லாமல் எனக்குக் கை ஒடிந்தாற்போல் இருக்கிறது; முதல் கட்டளையையும் மீறிவிடுவேன் போலிருக்கிறது. யார் போவது? நானா? என் தமிழ் அவர்களுக்குப் புரியுமா? சமையல் அக்காதான் போக வேண்டும். நேற்றுக் கேட்டேன். "ஐயோ சார், எனக்குக் கை கால் உதறும்" என்று ஓடிவிட்டார்.

அன்பர்களே, இது இரங்கல் கூட்டம்தான். ஆனாலும் இன்று வியாழக்கிழமை! கைதூக்கி சிஸ்டர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடங்குவோம். இங்கே எல்லோருக்கும் வாக்கு உண்டு. அக்கா பேச வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்!

ஆகா, ஆயரே தூக்கிவிட்டார்! அதோ, மூன்றாம் வரிசையில், முகத்தைப் பொத்திக்கொண்டு ஒருவர் மெல்லக் கையை உயர்த்துகிறார். பார்த்துவிட்டேன், சமையல் அக்கா. இனி அந்தக் கையைக் கீழே போட முடியாது.