பந்து எந்தப் பக்கம்

அந்த நாற்காலி வேணாம் தம்பி, அது ஆடும். இதுல உக்காருங்க. நீங்கதானே கொசு? வாசல்ல நின்னு பருந்து இருக்காரான்னு கேட்டப்பவே குரல் புடிபட்டுடுச்சு. இந்த ஸ்பீக்கர்ல எத்தன நாள் கேட்ட குரல்! விளையாட்டுல கொசுன்னு பேர் வச்சுக்கிட்டு, நேர்ல பாத்தா தல நெலப்படியில இடிக்குது.

சொல்றேன், சொல்றேன். மொதல்ல தண்ணி குடிங்க. நான் பருந்துக்கு அக்கா.

ஆமா, இந்தக் கம்ப்யூட்டர் மேசையிலதான் அந்த விமான விளையாட்டெல்லாம். ஜாய்ஸ்டிக் அவன் பக்கம். கீழ குனிஞ்சு பாருங்க, பெடல் ரெண்டும் எந்த நாற்காலிக்கு நேரா இருக்கு? உங்க நாற்காலிக்கு. அது என் எடம். என்ன முழிக்கிறீங்க? அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே தசை வலுவத்துப் போற வியாதி. கால் நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு. உங்க கூட சேந்து விமானச் சண்ட போட்ட பருந்துக்குக் கை அவன், கால் நான்.

சும்மா மிதிக்கறதுன்னு நெனச்சுடாதீங்க, உங்களுக்கே தெரியும். கையால றெக்கயச் சாச்சா மட்டும் போதுமா? காலும் கூடவே போகணும், இல்லன்னா விமானம் வழுக்கும். திரையில மீட்டர் முள்ளுங்களுக்கு நடுவுல கண்ணாடிக் குழாய்ல ஒரு கறுப்புப் பந்து இருக்குமே, அது எந்தப் பக்கம் ஓடுதோ அந்தக் கால மிதிக்கணும். பந்துன்னுவான், மிதிப்பேன். வேற பேச்சே கெடையாது. ஒருநாள் நீங்க, பருந்துக்கு மூள கால்ல இருக்குடான்னு சொன்னீங்க. ஒரு வாரம் உம்முன்னு இருந்த அவன் மொகத்தப் பாக்கணுமே! எனக்குத்தான் தலகால் புரியல.

அப்புறம் அந்த வித்த ஒண்ணு, மூக்கு ஒரு பக்கம் இருக்க விமானம் வேற பக்கம் வழுக்கிக்கிட்டுப் போக, எதிராளி குண்டெல்லாம் காத்துல போச்சே. சொல்லிக்குடு சொல்லிக்குடுன்னு கெஞ்சுனீங்கல்ல? அது வித்தயே இல்ல தம்பி. அன்னிக்கு மாத்திரய முழுங்காம துப்பிட்டான். எனக்கு வந்துதே கோவம், அவன் வலப்பக்கம் சாய்க்க நான் வேணும்னே இடது கால அழுத்தி மிதிச்சேன். வீட்டுச் சண்ட. உங்ககிட்ட மட்டும் அதெல்லாம் ரகசியம்னு பெருசா பீத்திக்கிட்டான்.

அந்தக் கடைசி ஆட்டம்... அதுக்குத்தான் வந்தீங்களா? பின்னாடி வர்றான், திரும்பு திரும்புன்னு கத்துனீங்க. விமானம் பஸ் மாதிரி நேரா போய்க்கிட்டே இருந்துச்சு. தூங்குறியாடா, முடியலன்னா எழுந்து போடான்னு திட்டுனீங்க. அட, விடுங்க. விளையாட்டுல சொல்றதுதானே. அவன் கோவிச்சுக்கிட்டுதான் அப்புறம் ஆட வரலன்னு நெனச்சு, இவ்வளவு தூரம் தேடி அலைஞ்சீங்களா? பைத்தியம்.

கோவம்லாம் இல்ல தம்பி. அழாதீங்க, நானே இப்பதான் கொஞ்சம் அடங்கியிருக்கேன்.

மொதல்ல விமானம் மெல்ல இடப்பக்கம் சாஞ்சுது. அவன் நிமித்தல. கை வலிக்குது போல, தளர விட்டிருக்கான்னு நெனச்சேன். வலது கால மிதிச்சா சாஞ்ச றெக்க மெதுவா தானா எழும், அவன் சொல்லிக் குடுத்ததுதான். மிதிச்சேன், எழுந்துச்சு. மறுபடி சாஞ்சுது, மறுபடி மிதிச்சேன். பக்கத்துல திரும்பிப் பாக்கல. கண்ண எடுத்தா திட்டுவான். பந்துன்னு சொல்லுவான் சொல்லுவான்னு காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

நீங்க எழுந்து போடான்னப்போ அவன் ஏற்கெனவே போய்ச் சேந்திருந்தான் தம்பி. கொஞ்ச நேரமா நான் மட்டும்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன்.