பூனை வயிற்றில் நெப்போலியன்

இல்ல டாக்டர், கடிக்காது. தைரியமா வயித்த அமுக்கிப் பாருங்க. சிட்டுக்கு யார்மேலயும் கோவம் கிடையாது. எங்க வீட்ல ரெண்டு கட்சிக்கும் பொதுவான ஆளு அது ஒண்ணுதான்.

என்னத்த முழுங்குச்சா? வெளில பெஞ்சுல உக்காந்து சண்ட போட்டுட்டிருக்காங்களே ரெண்டு பேர், அவங்க சொல்லலையா? நெப்போலியன முழுங்கிடுச்சு. குதிரையோட.

சிரிங்க, சிரிங்க. சுண்டுவிரல் உசரம் இருப்பாரு. பொம்மைதான், ஆனா எங்க வீட்டுக்காரர் முன்னாடி மட்டும் பொம்மைன்னு சொல்லிடாதீங்க. அந்த ஒல்லியா, இஞ்சி டேப்ப கழுத்துல போட்டுட்டு உக்காந்திருக்காரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. இப்ப பிரான்ஸ். பக்கத்துல குண்டா இருக்கறது எங்க அண்ணன். அவரு இங்கிலாந்து.

வாட்டர்லூன்னு ஒரு சண்ட நடந்துச்சாமே, இருநூறு வருஷத்துக்கு முன்னாடி? அத எங்க சாப்பாட்டு மேசையில மறுபடியும் நடத்திட்டிருக்காங்க. பச்சப் போர்வைய விரிச்சு, மேல நூத்துக்கணக்குல சிப்பாய்ங்க. ஒரு ஓரத்துல மேடு, அது எங்க அண்ணனோட பெட்டி. போர்வைக்கு அடியில படுக்க வெச்சா சரியா ஒரு மலைச்சரிவு மாதிரி இருக்குன்னு அவரே வெச்சாரு. பகடைய உருட்டறது, டேப்ப வெச்சு அளக்கறது, நாலு சிப்பாய நகத்தறது. அதுக்குள்ள ராத்திரி சாப்பாட்டு நேரம் வந்துடும். நெசமான சண்ட ஒரே நாள்ல முடிஞ்சு போச்சாம். இவங்க ஆரம்பிச்சப்ப போட்ட கேஸ் சிலிண்டர் தீந்து, அடுத்ததும் தீந்து, இப்ப அதுக்கு அடுத்தது ஓடுது. நாங்க தட்ட மடியில வெச்சுதான் சாப்பிடறோம். உப்பு வேணும்னாக்கூட இவரு அண்ணன்கிட்ட நேரா கேக்க மாட்டாரு. எதிரிகிட்ட உப்பு வாங்கறதான்னு என்னத்தான் எழுந்திரிக்கச் சொல்வாரு.

எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலையா? தெரியாது டாக்டர். எங்க அண்ணன் பல்செட் பண்ற வேலை பாத்தவரு. சிப்பாய்ங்க எல்லாரையும் அந்தப் பொருள்லயே வார்த்துட்டாரு. பாத்தா தெரியும், ரெண்டு ராணுவத்துக்கும் மூஞ்சி ஈறு மாதிரி ரோஸ் கலர். நெப்போலியனோட வெள்ளக் குதிரை அப்படியே கடவாப்பல் நிறம். விஷமெல்லாம் இல்லீங்க, மனுஷங்க வாயிலேயே வெச்சுக்கற சாமான்தானே.

பூனைய ஏன் மேசைல ஏத்தறீங்கன்னா, யாரு ஏத்தறா? அதுவா வந்து நட்டநடுவுல படுத்துக்கும். மொத தடவ படுத்தப்ப பெரிய பஞ்சாயத்து. விதிப் புத்தகத்துல பூனையப் பத்தி ஒரு வரி இல்ல. ரெண்டு பேரும் தலைலேந்து வாலு வரைக்கும் அளந்து, கடைசில சிட்டுதான் மூடுபனின்னு முடிவு பண்ணாங்க. மூடுபனி எந்திரிக்கிற வரைக்கும் பீரங்கி சுடக் கூடாது. அன்னைக்குப் பூரா மூடுபனி கொறட்ட விட்டுச்சு. இவருக்குப் பொறுக்கல. ஒரு துண்டு மீனக் காட்டி எறக்கப் பாத்தாரு. அண்ணன் கத்தினாரு பாருங்க, மாப்ளே, பனிக்கு லஞ்சம் குடுக்கறியா, வெக்கமா இல்லன்னு. நீ மட்டும் என்ன மச்சான், அதோட காத சொறிஞ்சு சொறிஞ்சு தூங்க வெக்கலன்னு இவரு. தெரு முனை சலூன்காரர் எட்டிப் பாத்துட்டுப் போனாரு, சொத்துத் தகராறுன்னு நெனச்சு.

எங்க அண்ணன் எங்களோடதான் இருக்காரு. அண்ணி போனதுலேந்து மாடி ரூம்ல. அவரு வர்றதுக்கு முன்னாடி எங்க வீடு எப்படி இருந்துச்சு தெரியுமா? இவரு ரிட்டயர் ஆனதும் சேரப் போட்டு ஸ்விட்ச் போர்டப் பாத்துட்டே உக்காந்திருப்பாரு. காபி குடிக்கிறீங்களான்னா தலைய ஆட்டுவாரு. அது வேணுங்கறதா, வேணாங்கறதான்னு நானே கண்டுபிடிக்கணும். இப்ப தூக்கத்துலகூட குதிரைப்படைய அனுப்பறாரு.

அண்ணன் பொண்ணு வெளிநாட்ல இருக்கா. ஞாயித்துக்கெழம தவறாம போன் பண்ணி, அத்தே, சண்ட முடிஞ்சுதான்னு கேப்பா. இன்னும் இல்லடி, ரெண்டு பக்கமும் பலமா இருக்குன்னு நானும் சொல்லுவேன்.

முழுங்கினதப் பாத்தீங்களான்னா கேக்கறீங்க? யாரும் பாக்கல. காலைல எந்திரிச்சா நெப்போலியன் இல்ல. சோபாவத் தூக்கி, கால்மிதிய ஒதறி, தொடப்பத்துல வந்த குப்பையக் கிளறி, எங்கயும் இல்ல. மேசைக்குக் கீழ சிட்டு ஒக்காந்து வாய நக்கிட்டிருந்துச்சு. தீர்ப்பு முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அடுத்த சண்ட. சக்கரவர்த்தி எதிரிகிட்ட மாட்டிக்கிட்டாரு, நான் ஜெயிச்சேன்னு அண்ணன் சொன்னாரு. பூனை எந்த நாட்டுக்கும் சொந்தமில்ல, அவரு உள்ள பார்வையிடப் போயிருக்காருன்னு இவரு. வேற எதையாவது வெச்சு ஆடித் தொலைங்களேன்னு நான் ஒரு பாட்டில் மூடியக் குடுத்தேன். அண்ணன் ரோஷமா எந்திரிச்சு நின்னுட்டாரு. பாட்டில் மூடியத் தோக்கடிக்கவா இத்தன நாள் பாடுபட்டேன்னாரு. கடைசில நெப்போலியன் வெளில வர்ற வரைக்கும் போர் நிறுத்தம்.

அய்யய்யோ, ஆபரேஷனா? வேணாம் டாக்டர், கத்திய உள்ள வெச்சுடுங்க. கதவ மட்டும் கொஞ்சம் சாத்துங்க.

என் பைல அந்தக் கைக்குட்டையப் பிரிச்சுப் பாருங்க. பாத்து, குதிரை வாலு ஒடஞ்சிடும்.

ஆமா. நான்தான் எடுத்தேன். இன்னும் ஒரே ஒரு ரவுண்டுதான் பாக்கி. இவரோட கடைசிப் படை மேட்டுமேல ஏறப் போகுது. பகடை எப்படி விழுந்தாலும் அன்னைக்கே முடிஞ்சிடும். ஜெயிக்கறது தோக்கறது யாருக்கு வேணும்? அந்த மேடு இருக்கே, அண்ணன் பெட்டி, அது காலிப் பெட்டி இல்ல. துணிமணியெல்லாம் அடுக்கிப் பூட்டியாச்சு. பொண்ணு கூப்பிட்டுட்டே இருக்கா. சண்ட முடிஞ்சதும் வந்துடறேம்மான்னு வாக்குக் குடுத்துட்டாரு. முடிஞ்சா போர்வைய உருவி, மேட்டத் தூக்கிட்டுக் கெளம்பிடுவாரு.

போகாதண்ணேன்னு சொல்லலாம்தான். எங்க வீட்ல அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்ல டாக்டர். போன மாசம் அண்ணன் பக்கத்துலேந்து ஒரு கிழட்டுத் தளபதி காணாமப் போனாரு. சத்தியமா அது நான் இல்ல. எங்க வீட்டுக்காரரோட ஷேவிங் டப்பாவ நான் தொடைக்கறப்ப உள்ள இருந்தாரு. பாத்துட்டு மூடி வெச்சுட்டேன். மூடுபனிய எழுப்பக் கூடாதுன்னு விதி போட்டதும் எங்க அண்ணன்தான், அன்னைக்கு அவரு ஜெயிச்சிட்டிருந்தப்பவே.

பொய்யெல்லாம் சொல்ல வேணாம். எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல, பொறுத்துத்தான் பாக்கணும்னு சொல்லுங்க, அது நெசம்தானே? நெப்போலியன் இங்கயே உங்க டிராயர்ல இருக்கட்டும். வீட்ல எங்க ஒளிச்சாலும் தப்பாது, ரெண்டு பேரும் அரிசி டப்பாவக்கூட அளந்து பாக்கறாங்க.

சிட்டுக்கு மருந்து மட்டும் குடுத்துடாதீங்க டாக்டர். பாவம், அன்னைக்குக் காலைல அது தின்னது நான் போட்ட மீனு மட்டும்தான்.