நான்காம் சுவரில் நின்றவர்

மாலை மணி அடித்து ஓய்ந்த நேரம்... மெழுகுவர்த்தித் திருநாளுக்கு மறுநாள். காட்டுக்குள் ஒற்றை வண்டித்தடம். முழங்கால் அளவு பனி. குதிரைக் குளம்புச் சத்தம்கூட எழும்பாது. அந்த வழியில் ஒருவர் தனியாகக் கோட்டையைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

என்னோடு காவல் நின்ற ஹார்ட்முட்டைத் தெரியுமல்லவா? வந்தவர் அவனுடைய பாட்டிக்கு அண்ணன். பெயர் விகாண்ட். சின்ன நிலக்கிழார். இரண்டு கிராமம், ஓர் ஆலை, தாயில்லாத ஒரு மகள். கெட்டவர் என்று சொல்ல முடியாது... அதுதான் வயிற்றெரிச்சல். கொஞ்சம் கிட்ட வாருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குப் பிடிக்காது.

கோட்டையில் மூத்த பிரபு செத்துப் போயிருந்தார். மனைவி இர்ம்கார்டுக்கு நிறைமாதம். பிள்ளை உயிரோடு பிறந்தால் நாடு பிள்ளைக்கு. இல்லாவிட்டால் செத்தவரின் தம்பி கெர்லாக்குக்கு. உயிரோடுதான் பிறந்தது என்று யார் சொல்வது? மருத்துவச்சி சொன்னால் எடுபடாது. பெற்றவள் சொன்னால் சிரிப்பார்கள். பிரசவ வீட்டின் நான்கு சுவருக்கும் வெளியே நான்கு ஆண்கள் நிற்க வேண்டும். பிள்ளையின் அழுகை நால்வர் காதிலும் விழ வேண்டும். விழுந்தது என்று புனிதரின் எலும்புப் பேழைமேல் கைவைத்துச் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் கேட்கவில்லை என்றாலும் அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. நம் வழக்கம் இது. உங்களுக்கே தெரியும். அந்த நால்வரில் ஒருவராக நிற்கத்தான் விகாண்டைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வாசலில் கெர்லாக்கே வந்து குதிரையைப் பிடித்தான்.

"வாங்க சம்பந்தி!"

விகாண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா... என்ன சொல்றீங்க?"

"உங்க மக ஓடாவ என் மூத்தவன் எபர்வினுக்கு எடுத்துக்கறேன். நாளைக்கு இந்தக் கோட்டைக்கே அவதான் எஜமானி. நீங்க வடக்குச் சுவர்ல நிக்கறீங்க. உங்களுக்கு ஒண்ணும் கேக்கல. அவ்வளவுதான் விஷயம்."

"பேழைமேல பொய் சொன்னா கை அழுகிடும் ஐயா."

"யாருய்யா பொய் சொல்லச் சொன்னா? கேக்காம இருக்க வழி பாருங்க, சம்பந்தி."

வழி அவர் மடியிலேயே இருந்தது. திருநாளில் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுவர்த்தி. "போற வழியில இருட்டிடும்ப்பா" என்று ஓடா கொடுத்து அனுப்பியது. சின்னப் பெண். விகாண்ட் அதிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளினார். உள்ளங்கையில் உருட்டினார். தேன் வாசனை... இரண்டு காதிலும் அழுத்தி அடைத்துக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டார். உலகமே அடங்கிப்போனது. சொந்த நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் உள்ளே கேட்டது.

வடக்குச் சுவரில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கண் இருக்கிறதே! கிழக்குச் சுவர் மூலையில் நின்ற கிழவர் சட்டென்று சுவர் பக்கம் திரும்பினார். பல்லில்லாத வாயால் சிரித்தார். சிலுவை போட்டுக்கொண்டார். பிள்ளை அழுகிறது என்று விகாண்டுக்குத் தெரிந்துவிட்டது. அவர் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பேழையைக் கொண்டுவந்தார்கள். மூவர் கேட்டது என்றார்கள். விகாண்ட் கைவைத்தார்.

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கல."

சத்தியமான வார்த்தை. கை அழுகவும் இல்லை.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல நாக்கு கூசுகிறது. இல்லாத பிள்ளைக்கு எதற்குத் தொட்டில் என்றான் கெர்லாக். இல்லாத பிள்ளைக்குப் பால் கிடையாது, நெருப்புக் கிடையாது, ஞானஸ்நானமும் கிடையாது. இர்ம்கார்டை இரத்தம் சொட்டச் சொட்ட வண்டியில் ஏற்றிக் கன்னிமடத்துக்கு அனுப்பினான். பிள்ளையை அதே வீட்டில் வெறும் பலகைமேல் போட்டுக் கதவைச் சாத்தினான். அது அழுதது. கோட்டை முழுக்கக் கேட்டது. விடியும் முன் நின்றது... கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம் புதைத்தார்கள்.

வண்டி விகாண்டைத் தாண்டும்போது இர்ம்கார்ட் அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. மெழுகு இருந்ததே, கேட்கவில்லை.

கோட்டைப் பாலத்தைத் தாண்டும்வரை அவர் அதை எடுக்கவும் இல்லை. அவ்வளவு நேர்மையான மனிதர்! பாலத்தில் நின்று பிடுங்கினார். இரண்டு துண்டு. ஓடைத் தண்ணீரில் வீசினார். மெழுகு முழுகாது அல்லவா... மிதந்து பாலத்துக்கு அடியில் போயின. அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். ஒன்று வந்தது. இன்னொன்று வரவில்லை. வெகுநேரம் நின்று பார்த்தார்.

பின்னொரு நாள் சந்தையில் அந்தக் கிழவரைப் பிடித்துக் கேட்டார்.

"அன்னிக்கு வண்டியில அந்தம்மா என்னப் பாத்து என்ன சொன்னாங்க?"

கிழவர் எச்சிலைத் துப்பினார். "'நல்லாக் கேட்டுக்கோ'ன்னு சொன்னா. உனக்குத்தான் கேக்கலியே."

வருடங்கள் ஓடின. சொன்ன வாக்கை கெர்லாக் காப்பாற்றினான். ஓடா எபர்வினுக்கு மனைவியானாள். விருந்தில் பன்றி என்ன, மீன் என்ன, ரைன் நதிக்கரைத் திராட்சை மது என்ன! விகாண்ட் மேல்மேசையில் உட்கார்ந்து "சம்பந்தி, சம்பந்தி" என்று கூப்பிட வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மகளை உயிராக நினைத்தவர்தான், அதை மறுக்க முடியாது.

அடுத்த குளிர்காலத்தில் வேட்டைக்குப் போன எபர்வினைக் காட்டுப்பன்றி கிழித்துவிட்டது. ஓடாவுக்கு அப்போது நிறைமாதம். கெர்லாக் அழவில்லை. இளையவன் இருக்கிறானே! அவனுக்குப் பெரிய கோமகன் ஒருவரின் மகளைக் கேட்டு ஆள் அனுப்பியாயிற்று. நாடு இளையவனுக்கு என்றால்தான் அவர்கள் பெண் கொடுப்பார்கள். ஓடாவின் வயிற்றில் இருப்பது குறுக்கே நின்றது.

"நாலு சுவர் வழக்கம் நமக்கும்தானே?" என்றான் கெர்லாக். "யோவ், ஒரு சுவர் உனக்கு, பெத்தவன்கிறதால. வடக்குப் பக்கம் நின்னுக்க. அது உனக்குப் பழகின இடம்தானேய்யா?"

சம்பந்தி போய் 'யோவ்' வந்துவிட்டது.

அதே பிரசவ வீடு, பலகைச் சுவர். அதே பனி. விகாண்ட் நரைத்த தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி எறிந்தார். இரண்டு காதையும் விரலால் குடைந்து சுத்தம் செய்துகொண்டார். கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்தார். உள்ளே ஓடா கத்தினாள். மருத்துவச்சி கேபா, "இன்னும் ஒரு தம் பிடிம்மா" என்றாள். பிறகு அமைதி...

பிறகு அழுகை. வீல் என்று, முகத்துக்கு நேரே. கன்னத்தில் பலகை அதிர்ந்தது. விகாண்ட் சிரித்தார், அழுதார், பனியில் மண்டியிட்டார்.

பேழை வந்தது. அவர்தான் முதலில் கைவைத்தார். "கேட்டேன்! நல்லாக் கேட்டேன்!"

மற்ற மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்களுக்கு ஒண்ணும் கேக்கலியே?"

விகாண்ட் பாய்ந்தார். ஒவ்வொருவன் தொப்பியையும் பிடுங்கினார். காதைப் பிடித்து இழுத்து, பந்தத்தைக் கிட்டத்தில் வைத்து உள்ளே பார்த்தார். ஒருவனுக்கு முடி பொசுங்கியது. மெழுகு இல்லை. எல்லாம் சுத்தமான காது.

"இப்பவும் அழுதுடா! செவிட்டுப் பயலுகளா, இப்பவும் அழுது!"

"என்னய்யா அழுது?" என்றான் கெர்லாக். அவன் குரலில்கூடக் கொஞ்சம் பயம் இருந்தது.

கதவை உதைத்துத் திறந்தார். உள்ளே தேன் வாசனை. மெழுகுவர்த்தி ஒன்றுகூட எரியவில்லை, எண்ணெய் விளக்குதான். ஓடா சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தாள். கேபாவின் மடியில் பிள்ளை. ஆண்பிள்ளை. கை கால் உதைத்தது. வாய் அகலத் திறந்து, முகம் நீலம் பாரித்து, முழு மூச்சோடு அழுதது. அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

விகாண்டுக்கு மட்டும் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. வடக்குச் சுவரிலிருந்து. அன்றைக்கு அந்தப் பிள்ளையை வெறும் பலகைமேல் போட்டிருந்த பக்கத்திலிருந்து.

"தொண்டையில என்னமோ அடச்சிருக்கு ஐயா," என்று கேபா சுண்டுவிரலை உள்ளே விட்டாள். தோண்டினாள். விரல் வழுக்கியது. திரும்பத் தோண்டினாள். வெளியே எடுக்கும்போது பிள்ளையின் கால் உதைப்பது நின்றுவிட்டது.

"அப்பா..." என்றாள் ஓடா, திரும்பாமலே. "அழுதானாப்பா? உங்களுக்குக் கேட்டுதா?"

கேபாவின் உள்ளங்கையில் மஞ்சளாக ஒரு மெழுகுத் துண்டு கிடந்தது. ஒரு பக்கம் கட்டைவிரல் அழுத்திய தடம். நரைக்காத முடி ஒன்று அதில் ஒட்டியிருந்தது. தண்ணீர் சொட்டியது.

விகாண்ட் அதை எடுத்தார். மெல்லத் தன் வலது காதில் வைத்தார்...

அச்சாகப் பொருந்தியது.