கழுத்துவரை ஊற்றிய தண்ணீர்

ஓடுகிறேன். பின்னால் கொட்டகைத் தகரம் அடித்துக்கொள்கிறது. முதலில் டப், டப். பிறகு ஒரு கிரீச். பிறகு சத்தமே இல்லை. தகரம் போய்விட்டது. எதிரே ஒரு தென்னை சாய்கிறது. வேர் அறுபடும் சத்தம் காலுக்கடியில் கேட்கிறது.

“இங்கிட்டு வாங்கக்கா! மரத்தடியில நிக்காதீங்க!”

கத்தியது பிலோமினா. என் கொழுந்தன் மனைவி. நடுவில் ஒரு முள்வேலி. அந்தப் பக்கம் அவள் வீடு, தளம் போட்ட மெத்தை வீடு. என்னுடையது ஓட்டு வீடு. புயலன்று நான் உயிர் பிழைத்தது அவள் வீட்டில். நனைந்த சேலையோடு உள்ளே போகிறேன். கூடத்தில் பல்பு எரிகிறது. சுற்றுவட்டாரமே இருண்டு கிடக்கிறது, அவளுக்கு மட்டும் வெளிச்சம். புயலுக்குப் பதறாத வயிறு அந்த பல்பைப் பார்த்து எரிந்தது.

எங்கள் கொல்லை ஆவூருக்கு வெளியே, கரண்ட் கம்பம் வராத மேட்டில். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும், அண்ணன் தம்பி இருவரும் குவைத்தில். போவதற்கு முன் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் சோலார் போட்டார்கள். ஒரே அளவு பேனல். ஒரே மாதிரி நான்கு பேட்டரி. ஆனால் அவள் பேட்டரி கல்யாணப்பெண் மாதிரி இருக்கும். துடைத்து, முனைகளில் வாஸ்லின் தடவி வைத்திருப்பாள். என்னுடையதன் மேல் பல்லி எச்சம். வருகிறவர்கள் எல்லாம் “பிலோமினாவைப் பாருங்க” என்பார்கள். பார்க்காமலா இருந்தேன்? தினமும் அதுதானே வேலை.

அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. இன்குபேட்டர், கரண்ட் சூட்டில் குஞ்சு பொரிக்கும் பெட்டி. உள்ளே இருநூற்று நாற்பது நாட்டுக்கோழி முட்டை. கிறிஸ்துமஸுக்குக் குஞ்சு வேண்டும் என்று ஆவூர்க்காரர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். அவள் வாசலைத் தாண்டி என் வாசலுக்கு ஆட்கள் வந்தது அதற்காக மட்டும்தான்.

புயல் இன்குபேட்டரைத் தொடவில்லை. பேனலும் தப்பியது. வெயில்தான் வரவில்லை. மூன்று நாள் மூடாக்கு. அவள் ஒரு பல்போடு நிறுத்திக்கொண்டாள். என் வீட்டு விளக்கைப் புயலன்றே அணைத்தாயிற்று, இனி நான் எதை நிறுத்துவது? சூடு குறைந்தால் முட்டை செத்துவிடும். இன்வெர்ட்டர் கீ, கீ என்று கத்தத் தொடங்கியது.

நான்காம் நாள் வெயில். உச்சிப்பொழுது. வேலி வழியாகப் பார்க்கிறேன். அவள் பேட்டரி மூடிகளைக் கழற்றுகிறாள். புனல் வைத்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறாள். எனக்கு அதுதான் கணக்கு. அவள் ஊற்றும்போது நானும் ஊற்றுவேன். எப்போது, எவ்வளவு என்று போய்க் கேட்டதில்லை. கேட்பேனா? அவளிடமா?

கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூடியைத் திறந்தால் உள்ளே தகடு காய்ந்து தெரிகிறது. ஊற்றுகிறேன். அவள் பார்த்துவிட்டாள்.

“அக்கா! தகடு நனையிற அளவுக்கு மட்டும் ஊத்துங்க! மிச்சத்த சார்ஜ் ஏறுன பெறகு ஊத்தணும்!”

அவள் பேட்டரியில் காலையிலேயே சார்ஜ் நிறைந்துவிட்டது. என்னுடையது காலி. காலி பேட்டரியில் தண்ணீர் கீழே நிற்கும், சார்ஜ் ஏற ஏற மேலே வரும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று நினைத்தது வேறு. எனக்கும் நிறைந்தால் இவளுக்குப் பொறுக்காது. ஒவ்வொன்றிலும் கழுத்துவரை ஊற்றினேன். அவள் பார்க்கட்டும் என்றே ஊற்றினேன்.

வெயில் ஏறியது. களக், களக் என்று சத்தம். மூடி ஓரமாக நுரை. ஆசிட் வழிகிறது. சிமெண்ட் தரை பொங்குகிறது. மூச்சு அடைக்கிறது. துடைக்கப் போனேன், முந்தானை ஓட்டை ஓட்டையாகக் கையோடு வந்தது. பேட்டரிக்குள் வெறும் தண்ணீர்தான் மிச்சம். பொழுது சாய்ந்ததும் இன்வெர்ட்டர் ஒரு நீளக் கத்தல் கத்தியது. நின்றது. இன்குபேட்டர் விசிறி நின்றது. உள்ளே சூடு இறங்குவதைக் கையை வைத்துப் பார்த்தேன்.

முட்டைகளை அவள் வீட்டுக்குத் தூக்கிப்போக உதவிக்கு ஆள் இல்லை. அவள் கூப்பிடட்டும் என்று நான் உட்கார்ந்திருந்த நேரமும் முட்டை ஆறிப்போனதில் சேரும். இருட்டத் தொடங்கியபோது அவளே வேலியைத் தாண்டி வந்தாள்.

“முட்டையக் கொண்டாங்கக்கா! சீக்கிரம்! போர்வையப் போட்டு மூடுங்க!”

விழுந்த தென்னைகளுக்கு மேல் ஏறி இறங்கித் தட்டுத் தட்டாகச் சுமந்தோம். பெட்டியையும் இருவரும் தூக்கினோம். அவள் விசிறியை நிறுத்தினாள், ஃபிரிட்ஜை நிறுத்தினாள், அந்த ஒற்றை பல்பையும் அணைத்தாள். குஞ்சு பொரிக்கும்வரை அவள் வீடு இருட்டு. பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். என் முட்டைக்கு நான் சொல்ல வேண்டியது. அதிலும் முந்திக்கொண்டாள்.

போனவற்றைச் சொல்கிறேன். கொட்டகைத் தகரம் முழுவதும். தென்னை ஒன்பது. பேட்டரி நான்கும். முட்டை இருநூற்று இருபத்தொன்பது. பல முட்டைகளில் குஞ்சு முழு வளர்ச்சி. மூக்கால் முட்டை ஓட்டைத் தொட்டபடி செத்திருந்தது. எல்லாவற்றையும் நானே குழி வெட்டிப் புதைத்தேன்.

பொரித்தவை பதினொன்று. அவள் கூடத்தில், அவள் கரண்டில்.

கிறிஸ்துமஸுக்கு முன் ஆவூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவள் வாசலிலேயே வண்டியை நிறுத்தினார்கள். “பிலோமினா, குஞ்சு இருக்காமே?”

“அது எங்க அக்காவோடது. அங்கிட்டுப் போய்க் கேளுங்க” என்று என்னைக் கை காட்டினாள். அதையாவது அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.