மூடியிருந்த திருகு

விமானமும் மோட்டார் வண்டியும் பெட்ரோல் குடிப்பது ஒரே மாதிரிதான். தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில் ஒரு திருகு இருக்கும். திறந்தால் பெட்ரோல் போகும், மூடினால் நிற்கும். கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் எனக்கு இது பழகிய விஷயம். விமானி பரமநாதனுக்குத்தான் ஒன்று புரியவில்லை. தான் திறந்துவிட்டுப் பறந்த திருகு, வயலில் விழுந்து கிடந்த விமானத்தில் மூடியிருந்தது எப்படி?

காசுக்கு ஆளேற்றிக் கண்டியை மேலிருந்து காட்ட வந்த யாழ்ப்பாணத்துப் பையன் அவன். சப்பாத்து பளபளக்கும், விரலில் ஒரு சொட்டு எண்ணெய் இராது. அவனுடைய விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றியது நான். பெட்ரோலைப் பதனிட்ட மென்தோலில் வடித்துத்தான் ஊற்ற வேண்டும். தோல் பெட்ரோலை விடும், தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அழகான ஏற்பாடு, கொஞ்சம் மெதுவானது.

"ஜவாஹிர் அண்ணை, கெதியா ஊத்துங்கோ. சனம் நிக்குது. பாலே வடிக்கிறியள்?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

தோலை எடுத்துவிட்டேன். அந்தப் பெட்ரோல் தகரத்தில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது எனக்குத் தெரியும். அவசரம் என்றால் என்னவென்று அவனும் படிக்கட்டுமே.

ஆளேற்றுமுன் தனியாக ஒரு சுற்றுப் பறந்தான். மகாவலியைத் தாண்டியதும் எஞ்சின் நின்றது. வயலில் புல்லறுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மா இறக்கைக்கு அடியில் அகப்பட்டுச் செத்தாள்.

விபத்து விசாரணைக்கு முதல் நாள் கராஜுக்கு வந்தான். "என்னைக் குற்றவாளியாக்கிற கேள்விக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லையாம். அது என்ரை உரிமை எண்டு எனக்காக வழக்குப் பேசுற புறக்டர் சொல்லுறார்."

நல்ல சட்டம்தான். ஆனால் அதுவும் ஒரு திருகு. வைத்திருப்பவனே திறந்துவிட்டால் யார் என்ன செய்வது?

"தம்பி, நாளைக்கு விசாரிக்கிறது எஞ்சின, ஒங்கள இல்ல. வாய மூடிக்கொண்டு ஈந்தா கள்ளன் என்டுதான் நெனப்பாங்க. தொறக்க மறந்திருப்பேன் என்டு ஆம்புளயா சொல்லுங்க."

மறுநாள் விசாரணையில் அப்படியே சொன்னான். குழாயில் மிஞ்சிய பெட்ரோலிலேயே அவ்வளவு தூரம் பறந்திருக்கலாம் என்று எஞ்சின் தெரிந்த சாட்சியாக நான் பொறுமையாக விளக்கினேன். பின்வரிசையில் பொலிஸ் சார்ஜன் இருந்தார்; வரச்சொன்னது நான். நீதிமன்றத்துக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. எப்படி மறந்தேன் என்று சிறையில் இன்னமும் யோசிக்கிறானாம். மூளை அவ்வளவுதான்.

விடை எளிது. விழுந்த இடத்துக்கு முதலில் போனவன் நான். அவன் நினைவின்றிக் கிடந்தான். பேச்சியம்மாவுக்கு உயிர் இருந்தது. "மொதலாளி, கொஞ்சம் தூக்கிவிடுங்க" என்றாள். இறக்கை மரமும் துணியும்தான், ஒருவனே தூக்கலாம். நான் அவளைத் தாண்டிப் போய், தாங்கியிலிருந்த தண்ணீரை வயலில் வடித்துவிட்டு, திருகை மூடினேன்.